பதினாலாவது கொண்டை ஊசி

என் அடையாள அட்டையில் 'திரு. விலாசினி' என்று இருக்கிறது. பெயரை மாவட்ட அலுவலகத்தில் ஒரே காலைப்பொழுதில் மாற்றிக்கொள்ளலாம், நானும் பத்தொன்பது வயதில் மாற்றிக்கொண்டேன். முன்னால் நிற்கும் 'திரு'வை மாற்றத்தான் எங்கள் நாட்டில் வழியில்லை. ஆணாகப் பதிவானவள் எப்படி வாழ்ந்தாலும் அட்டையில் அப்படியேதான் இருக்க வேண்டும். வீட்டிலும் தோழிகளிடமும் நான் தப்திம்.

டென்சாய் என்ற ரயில் நிலைய ஊரில் பள்ளிப் படிப்பு. சியாங்மாயில் நான்கு வருடம் உணவு அறிவியல். உணவில் வளரும் கிருமிகளைத் தட்டில் வளர்த்து எண்ணுவதுதான் எனக்குப் பிடித்த பாடம். எண்ணுவதில் எனக்கு அலுப்பே வராது. இரண்டாம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிப் பெண்கள் சீருடையில் போனேன். மதிப்பெண் பட்டியலில் ஒட்டியிருக்கும் படத்திலும் பெண்ணாகத்தான் இருக்கிறேன், தோள்வரை முடியும் முத்துத் தோடுமாக.

படிப்பு முடிந்த பிறகு வேலைக்காக மூன்று நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் இடம் ஒரு பால் பண்ணை. மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை.

இரண்டாவது இடம் ஒரு பெரிய உணவு நிறுவனம். வாசலிலேயே வானவில் கொடி ஒட்டியிருந்தார்கள், விளம்பரத்தில் 'எல்லாப் பாலினத்தவரையும் வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள். நம்பிப் போனேன். ஆணாகப் பதிவானவர்கள் கட்டாய ராணுவ ஆளெடுப்புக் காகிதத்தை எல்லா வேலைக்கும் காட்ட வேண்டும். எனக்கு விலக்கு தந்திருந்தார்கள். பிறந்த பாலினமும் வாழும் பாலினமும் ஒத்துப்போகாததால் விலக்கு என்று அந்தக் காகிதத்தின் கீழே ஒரு வரி உண்டு. தேர்வு நடத்தியவர் அந்த வரியை அறையில் இருந்த நான்கு பேருக்கும் கேட்கும்படி வாசித்தார். பிறகு, "இதுக்கு மருந்து ஏதும் எடுத்துக்கிறீங்களா?" என்றார். என்னோடு காத்திருந்த பையன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

மூன்றாவது இடத்தில் ஆய்வகத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "ஆண்டு விழாவுக்கு ஆட்டம் எல்லாம் நல்லா ஆடுவீங்கள்ல?" என்று கேட்டார்கள்.

எனவே நான்காவது இடத்திலிருந்து கடிதம் வந்தபோது ஒரு முடிவு எடுத்தேன். அது லம்பூனில் ஒரு லாங்கன் பழத் தொழிற்சாலை. பழத்தை உலர்த்திப் பொட்டலம் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு ஒரு ஆள் தேவை. அவர்கள் விளம்பரத்திலும் 'பாலின அடையாளம் தடையில்லை' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் நம்பத் தயாராக இல்லை. ஆணாகப் போவது, வேலை கிடைத்தால் ஆணாகவே வேலை செய்வது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நானாக இருப்பது என்று தீர்மானித்தேன். விண்ணப்பத்துக்கும் அப்படியே படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு கடையில் ஆண்களின் குட்டை முடி டோப்பா வாடகைக்குத் தருவார்கள். கண்டிப்பான துறைகளில் படிக்கும் எங்களைப் போன்றவர்கள் பட்டமளிப்பு நாளில் ஆணாக நிற்பதற்காக எடுத்துப்போவது. அதில் ஒன்றை எடுத்துவந்தேன். நேர்முகத் தேர்வு அன்று காலை என் அறைத்தோழி பைலின் என் முடியைச் சுருட்டி, தலையோடு அழுத்தி, கொண்டை ஊசியாகக் குத்தினாள். அவளும் என்னைப் போலத்தான். பெரிய கடை ஒன்றில் அழகுசாதனப் பிரிவில் நிற்கிறாள்.

"பன்னெண்டு, பதிமூணு," என்று எண்ணினேன்.

"வாய மூடுடி, தல ஆடுது."

"பதினாலு."

டோப்பாவை மாட்டி, கழுத்துப்பட்டியைக் கட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"கல்யாணத்துக்குப் பொண்ணு அமையாத கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கடி. வீட்ல பூனை வேற வளக்குறாரு."

"வேலைக்குப் போற மாதிரி இருக்கா, இல்லையா?"

"இருக்கு, இருக்கு. அதான் பயமா இருக்கு." பைலின் சீப்பைக் கீழே வைத்தாள். "ஏண்டி, ஒரு நாள் வேஷம்னா பரவால்ல. வேலை கெடச்சா வாரத்துல ஆறு நாள். அம்பது வயசு வரைக்கும் இந்த டோப்பாவோடயா? என் கடையில எடம் இருக்கு. நாளைக்கே சேத்துவிடுறேன்."

"உதட்டுச் சாயம் விக்கவா நாலு வருஷம் நுண்ணுயிரியல் படிச்சேன்?"

"அம்மா தாயே, உதட்டுச் சாயத்துலயும் கிருமி உண்டு. வந்து எண்ணு."

சிரித்தால் டோப்பா நகர்ந்தது. சிரிக்காமல் கிளம்பினேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண் பட்டியலின் நகலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதில்தான் முத்துத் தோடுப் படம் இருக்கிறது. அதனால் நகல் எடுத்து, அந்த நகலை நகல் எடுத்து, அதையும் நகல் எடுத்தேன். மூன்றாவதில் முகம் கரிப்பானையின் அடிப்பாகம் போல வந்தது. மதிப்பெண்களை மட்டும் படிக்க முடிந்தது. திருப்தியாக இருந்தது.

லம்பூனுக்குப் போகும் நீல வண்டியில், இருபுறமும் மரங்கள் நிற்கும் அந்தப் பழைய சாலையில், டோப்பாவுக்குள் வியர்வை இறங்குவதை உணர்ந்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர் இருக்கைப் பெண்மணி மடியில் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை வைத்துக்கொண்டு என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிற்பேட்டை வாசலில் காவலர் அட்டையை வாங்கி, "திரு... விலாசினி?" என்று இழுத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். உள்ளே விட்டார்கள்.

தொழிற்சாலையில் என்னைத் தேர்வு செய்ய வேண்டியவர் ஒரபின். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க தம்பி. ஈரப்பதம் பத்தொன்பது சதவீதத்துல ஒரு மூட்டை வருது. நம்ம வரம்பு பதினெட்டு. லாரி வாசல்ல நிக்குது, ஏத்தணும்னு எல்லாரும் கத்துறாங்க. என்ன செய்வீங்க?"

"திரும்ப மூணு எடத்துலேருந்து மாதிரி எடுப்பேன். மூணும் பத்தொன்பதுன்னா ஏத்த விடமாட்டேன். கா..."

'கா' என்பது எங்கள் ஊரில் பெண்கள் மரியாதைக்காகப் பேச்சின் முடிவில் சேர்ப்பது. ஆண்கள் 'க்ராப்' என்பார்கள். நான்கு வருடப் பழக்கம், நாக்கு தானாகப் போய்விட்டது. அதை இருமலாக மாற்றினேன். அரை மணி நேரத்தில் ஐந்து முறை இருமினேன். ஒரபின் எழுந்துபோய் எனக்கு வெந்நீர் கொண்டுவந்தார்.

கந்தகம் எவ்வளவு இருக்கலாம், பூஞ்சை எந்த நாளில் தெரியும், தராசை எப்போது சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனார். மூன்று இடங்களில் யாரும் கேட்காத கேள்விகள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மதிப்பெண் பட்டியலைப் புரட்டியபோது மட்டும் நின்றார்.

"படம் என்ன இப்படிக் கரியா இருக்கு?"

"நகல் இயந்திரம் சரியில்லங்க."

"சரி, சேரும்போது மூலப்பட்டியலக் காட்டுவீங்கள்ல, அப்பப் பாத்துக்கலாம்."

மூலப்பட்டியல்! மூன்று முறை நகல் எடுத்தவளுக்கு அது தோன்றவே இல்லை. ஒரபின் எழுந்தார். "வாங்க, உற்பத்திக் கூடத்த ஒருமுறை பாத்துடுங்க. நான் அந்தப் பக்க வாசல்ல காத்திருக்கேன். சுகாதார வாசல்ல ஸ்ரீநுவன் அக்கா உங்களச் சோதிச்சு அனுப்புவாங்க."

சுகாதார வாசல் என்பது ஒரு சிறிய அறை. கை கழுவும் தொட்டி, வெள்ளை அங்கிகள், வலைத்தொப்பிகள். சுவரில் விதிகள்: மோதிரம் கூடாது, வளையல் கூடாது, ஒட்டு நகம் கூடாது, ஒட்டு இமை கூடாது, ஒட்டு முடி கூடாது.

உணவுத் தொழிற்சாலைகளில் எல்லாம் இதே விதிதான். மூன்றாம் ஆண்டில் எனக்கு இதில் ஒரு தேர்வே இருந்தது. பத்துக்குப் பத்து வாங்கினேன். வாங்கிவிட்டு, தலையில் டோப்பாவோடு வந்து நிற்கிறேன்.

ஸ்ரீநுவன் அக்கா என்னைவிட ஒரு முழம் குள்ளம். கட்டை விரலைக் கீழே காட்டி என் தலையைத் தாழ்த்தச் சொன்னார்.

"குனி தம்பி. இன்னும் கொஞ்சம்." நெற்றியோரத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். "இது உன் முடி இல்லையே."

நான் சுவரில் இருந்த கடைசி விதியைப் பார்த்தேன்.

"உள்ள போகாது. கழட்டு. மொட்டையா? மொட்டைன்னா வெக்கப்படாத, என் வீட்டுக்காரரும் மொட்டைதான்."

அப்படியே திரும்பி வெளியே போயிருக்கலாம். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். வாசலுக்கும் எனக்கும் நான்கு அடிதான். ஆனால் தராசைப் பற்றிக் கேட்ட ஒரே இடம் இதுதான். என்னால் போக முடியவில்லை. டோப்பாவைக் கழற்றினேன்.

ஸ்ரீநுவன் அக்கா என் தலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"அடியே! இவ்வளவு முடிய வச்சுக்கிட்டா இந்த வெயில்ல இத மாட்டிக்கிட்டு வந்த? பைத்தியமா உனக்கு?" பிறகு குரல் மாறியது, வேலைக்குரலாக. "ஊசி குத்தியிருக்கியே. இரும்பு ஊசி. ஒண்ணுவிடாம எடுத்து இந்தத் தட்டுல போடு. எத்தன?"

"பதினாலு அக்கா."

பதிவேட்டில் பதினாலு என்று எழுதினார். நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். முடி தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது. சட்டையும் கழுத்துப்பட்டியுமாக, விரித்த தலையோடு நின்றேன். ஸ்ரீநுவன் அக்கா தட்டை எண்ணினார். நானும் எண்ணினேன். பதிமூன்று.

அந்த நேரம் பார்த்துத் தேநீர் இடைவேளை முடிந்தது. பழம் பிரிக்கும் பெண்கள் இருபது பேர் உள்ளே போவதற்காக அறைக்குள் வந்து வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் நான் அந்தக் கோலத்தில்.

"என்ன அக்கா, கதவு தொறக்கலயா?"

"ஊசி ஒண்ணு காணோம். யாரும் அசையாதீங்க."

"போச்சு! போன வருஷம் ஒரு தோட்டுத் திருகாணிக்கு ஒன்றரை மணி நேரம் நின்னோம்."

"அது உன் திருகாணிதானேடி."

"அதான் சொல்றேன், அந்தப் புள்ளையத் திட்டாதீங்க. எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ வரும், இதோ யாராவது எங்களைப் போன்றவர்களைக் கேலி செய்யும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏம்மா, உன்னத்தான். என்ன எண்ணெய் தேய்க்கிற? என் முடி எல்லாம் இந்தத் தொப்பியில கொட்டுது."

நான் தரையிலிருந்து கண்ணை எடுத்தேன்.

ஸ்ரீநுவன் அக்கா காந்தக் கட்டையைத் தரையெல்லாம் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. என் அருகே வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பதிமூணா, பதினாலா? தப்பா எண்ணிட்டேன்னு நீ சொன்னா, திருத்திக் கையெழுத்துப் போட்டுட்டுக் கதவத் தொறந்துடுவேன்."

பதிமூன்று என்று சொன்னால் முடிந்துவிடும். இருபது ஜோடிக் கண்களும் உள்ளே போய்விடும். நான் முடியைச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடிவிடலாம். இரண்டே எழுத்து மாற்றம்தான், யாருக்கும் தெரியாது. ஆனால் பைலின் குத்தக் குத்த நான் எண்ணினேன். பதினாலு என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"பதினாலு அக்கா. இன்னொண்ணு இருக்கு."

வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதே நேரம் உள்பக்கக் கதவு திறந்து ஒரபின் தலையை நீட்டினார். தாமதம் ஏன் என்று பார்க்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார். விரித்த முடி, கழுத்துப்பட்டி, கையில் செத்த பூனை போல டோப்பா.

"எத்தன காணோம்?" என்று ஒரபின் ஸ்ரீநுவன் அக்காவிடம் கேட்டார்.

"ஒண்ணு. பதிமூணுதான் தட்டுல இருக்கு. புள்ள பதினாலுன்னு அடிச்சுச் சொல்லுது."

"தரையப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

ஒரபின் என் கையிலிருந்த டோப்பாவை வாங்கினார். மூலையில் ஒரு பழைய உலோகச் சோதனை இயந்திரம் இருந்தது. திரும்பி வரும் பொட்டலங்களைச் சோதிக்க வைத்திருப்பது. அதன் பட்டையில் டோப்பாவை வைத்துப் பொத்தானை அழுத்தினார். டோப்பா மெதுவாக நகர்ந்து இயந்திரத்துக்குள் போனது. மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

இருபது பேரும் கைதட்டினார்கள்.

உட்புற வலையில் சொருகிக்கொண்டிருந்த ஊசியை ஒரபின் எடுத்துத் தட்டில் போட்டார். ஸ்ரீநுவன் அக்கா பதிவேட்டில் நேரம் குறித்தார். பெண்கள் கை கழுவி உள்ளே போனார்கள். போகிற போக்கில் திருகாணிக்காரி என் தோளில் தட்டி, "பதினஞ்சே நிமிஷம். என்னத் தோக்கடிச்சிட்ட," என்றாள்.

கூடத்தைப் பார்க்கவில்லை. ஒரபின் என்னைத் தன் அறைக்கே திரும்ப அழைத்துப்போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இருங்க. ஒண்ணு மட்டும் கேக்கிறேன்," என்றார். "விண்ணப்பத்துல படம் அனுப்பினாரே, அவர் வேலைக்கு வரப்போறாரா? இல்ல இப்ப இங்க உக்காந்திருக்கிறவங்களா? சீருடைக்கு அளவு குடுக்கணும், அதுக்குத்தான்."

"வேலை... கிடைச்சிருக்கா?"

"உங்களுக்குப் பின்னால இருபது பேர் நிக்கிறாங்க. பதிமூணுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லல. லாரி வாசல்ல நிக்கும்போது 'ஏத்த விடமாட்டேன்'னு சொல்ற ஆளத்தான் நான் ஆறு மாசமாத் தேடுறேன். சொல்லுங்க, யாரு வர்றாங்க?"

"நான்தான் வருவேன்," என்றேன். "இப்படியே. கா."

இந்த முறை இருமவில்லை. ஒரபின் சிரித்தார். "அப்ப அந்த இருமலுக்கு வைத்தியம் தேவையில்ல."

பையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். வேலை தருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருந்தன. இரண்டாவது நிறுவனத்துக்குப் பிறகு எழுதியவை, யாரிடமும் கேட்க வாய்ப்பே வந்ததில்லை. எடுத்து, ஒன்று ஒன்றாகக் கேட்டேன்.

உடை மாற்றும் அறை? தனித்தனிக் கதவு, உள்தாழ்ப்பாள். எல்லோருக்கும் அப்படித்தான். பெயர் வில்லை? அழைக்கும் பெயர் மட்டும், முன்னொட்டு யாருக்கும் கிடையாது. ராணுவக் காகிதம்?

"உறையில ஒட்டிப் பணியாளர் பிரிவுல குடுங்க. விலக்குன்னு ஒரு வார்த்தை மட்டும்தான் பதிவு செய்வாங்க. காரணத்துக்குன்னு எங்க படிவத்துலயும் ஒரு கட்டம் இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கட்டத்தப் பாத்துட்டு ஒருத்தி படிவத்த மேசையிலயே வச்சுட்டுப் போயிட்டா. அப்புறம் போன்ல கூப்பிட்டும் வரல. அதுக்கப்புறம்தான் அந்தக் கட்டத்த எடுத்தோம். முன்னாடியே எடுத்திருக்கணும்."

கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. வெளியாட்கள் மரியாதைக் குறைவாக நடந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதியிருந்தேன்.

"தொழிற்பேட்டை வாசல் காவலர்கள் எங்க ஆளுங்க இல்ல. அட்டையப் பாத்துச் சிரிச்சிருப்பாங்களே?"

"சிரிச்சாங்க."

"ரெண்டு தடவ எழுதிக் குடுத்திருக்கேன். இன்னும் திருந்தல. திருந்திடுவாங்கன்னு உங்களுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. திரும்ப நடந்தா நாளும் நேரமும் குறிச்சு எங்கிட்ட சொல்லுங்க, மூணாவது தடவையும் எழுதுவேன்."

எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். இது சரியில்லை என்று சொன்னதும்தான் மற்றதையெல்லாம் நம்பினேன். நாற்காலியில் முதன்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். தோள் அவ்வளவு நேரம் காதுவரை ஏறியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

தையல்காரர் வந்து அளவெடுத்தார். பாவாடையா, கால்சட்டையா என்று கேட்டார். ஆய்வகத்தில் குனிந்து நிமிர வசதி எது என்று கேட்டேன். கால்சட்டை என்றார். கால்சட்டையே சொன்னேன், பெண்கள் அளவில்.

பத்து நாள் கழித்துச் சேர்ந்தேன். மூலப்பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரபின் அக்கா படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு நுண்ணுயிரியல் மதிப்பெண்ணைச் சரிபார்த்தார்.

மூன்றாவது வாரம் பழ வரத்து உச்சத்தில் இருந்தது. ஒருநாள் காலையில் பதினோரு மாதிரித் தட்டுகளில் முந்தைய நாள் தேதியை எழுதிவிட்டேன். ஒரபின் அக்கா தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி, "தப்திம்! கண்ண எங்க வச்சுக்கிட்டு எழுதின? இந்தத் தேதிய நம்பி நான் சரக்கை அனுப்பியிருந்தா என் தலைதான் போயிருக்கும். பதினோரு தட்டையும் தூக்கி எறிஞ்சிட்டு முதல்லேருந்து போடு!" என்றார்.

எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொல்லைப்புறத்தில் நின்று பைலினைக் கூப்பிட்டேன்.

"நல்லாத் திட்டிட்டாங்கடி. எல்லார் முன்னாலயும்."

"என்னன்னு திட்டினாங்க?" அவள் குரல் கூர்மையானது. "சொல்லு, நான் வர்றேன்."

"தேதிய மாத்தி எழுதிட்டேன். அதுக்கு."

"அதுக்கு மட்டுமா? வேற எதுவும் சொல்லல?"

"எதுவும் சொல்லலடி. தேதிக்கு மட்டும்தான்."

பைலின், "ஒழுங்காத் தேதிய எழுதுடி, சனியனே," என்றாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மணி அடித்தது. நான் கை கழுவப் போனேன்.